மனக் காயத்துக்கும் மதிப்பு வேண்டும்

ரயில் ஓட்டுநர் ஒருவரின் கைவிரல் பணியின்போது துண்டானால் அதற்கு எவ்வளவு இழப்பீடு என்பதைச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டிச் சொல்லிவிடலாம். எந்த விரல், எத்தனை கணு, வருவாய் ஈட்டும் திறனில் எத்தனை சதவீத இழப்பு என்பதெல்லாம் அங்கே வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. அதே ஓட்டுநர், தான் ஓட்டிச்சென்ற ரயிலில் ஒருவர் அடிபட்டு இறந்ததைக் கண்ணெதிரே கண்டு, அதன்பின் உறக்கம் இழந்து, என்ஜின் அறைக்குள் நுழையவே நடுங்கி, வேலைக்குத் திரும்ப முடியாமல் போனால் அவருக்கு என்ன இழப்பீடு? அட்டவணையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இது எங்கோ எப்போதோ நிகழும் அபூர்வ சம்பவம் அல்ல. மும்பை புறநகர் ரயில் பாதைகளில் மட்டும் 2023-ல் 2,500-க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டவர்கள். அந்த ஒவ்வொரு மரணத்துக்கும் என்ஜின் அறையில் ஒரு சாட்சி இருந்திருக்கிறார். பிரேக்கை அழுத்தியும் ரயிலை நிறுத்த முடியாமல் போன சாட்சி. இறந்தவரைப் பற்றிக் காவல் துறை பதிவு செய்கிறது. அந்தச் சாட்சிக்கு நேர்ந்ததைப் பற்றி எந்தப் பதிவேடும் பேசுவதில்லை.

சுதந்திர இந்தியாவின் மிகப்பெரிய தொழிலாளர் சட்டச் சீர்திருத்தம் என்று மத்திய அரசால் பெருமையுடன் கூறப்படும் நான்கு சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும், 1948-ம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் இவற்றுள் ஒன்றான சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் கரைந்துவிட்டன. செயலி வழியே உணவு கொண்டுசெல்லும் இளைஞர்கள்கூடப் புதிய சட்டத்தின் பார்வைக்குள் வந்திருக்கிறார்கள். அது வரவேற்கத்தக்கதே. ஆனால், காயம் என்றால் என்ன என்ற அடிப்படைக் கேள்விக்கு 2020-ல் இயற்றப்பட்ட சட்டமும் 1923-ன் பதிலையே திரும்பச் சொல்கிறது. தொழில்சார் நோய்களைப் பட்டியலிடும் மூன்றாவது அட்டவணையில் ஈய நச்சு உண்டு, பாதரச நச்சு உண்டு, இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் இழப்பு உண்டு. மனநோய் எதுவும் இல்லை.

இந்த மௌனம் சட்டத்தின் பிறவிக் குணம் என்று கருதிவிடக் கூடாது. 1923-ம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் இழப்பீட்டுச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு எழுதப்பட்டது. அந்த பிரிட்டனில் 1910-லேயே இப்பிரச்னை நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது. தெற்கு கிர்க்பி நிலக்கரிச் சுரங்கத்தில் விபத்தில் சிக்கிய சக தொழிலாளிக்கு உதவ ஓடினார் ஒரு தொழிலாளி. அடிபட்டவர் இறந்துபோனார். உதவச் சென்றவரின் உடலில் ஒரு கீறலும் இல்லை. ஆனால், அந்த அதிர்ச்சியில் அவரால் அதன்பின் வேலை செய்ய முடியவில்லை. நரம்பு அதிர்ச்சியும் விபத்தால் ஏற்பட்ட காயமே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவருக்கு இழப்பீட்டு உரிமையை உறுதி செய்தது. அதாவது, இந்தியாவில் சட்டம் எழுதப்படுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே, அதன் மூலச் சட்டம் மனக் காயத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது.

இந்தியச் சட்டத்தின் வாசகமும் அதற்கு இடம் தரக்கூடியதே. உடலுக்கு ஏற்படும் காயம் என்று அது சொல்லவில்லை. வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நிகழும் விபத்தால் பணியாளருக்கு ஏற்படும் காயம் என்றே சொல்கிறது. அட்டவணையில் இடம்பெறாத காயங்களுக்கு, வருவாய் ஈட்டும் திறனில் ஏற்பட்ட இழப்பைத் தகுதிபெற்ற மருத்துவர் மதிப்பிடலாம் என்றும் இடமளிக்கிறது. ஒரு கதவு திறந்திருக்கிறது. இன்னொரு கதவோ அடைக்கப்பட்டிருக்கிறது. அட்டவணையில் இல்லாத எந்த நோய்க்கும், அது ஒரு குறிப்பிட்ட விபத்துக் காயத்தின் நேரடி விளைவு என்று நிரூபிக்கப்பட்டால் ஒழிய, இழப்பீடு கிடையாது என்ற பிரிவுதான் அது. மனச்சோர்வும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறும் நோய் என்று வகைப்படுத்தப்பட்ட உடனேயே தொழிலாளியின் கோரிக்கை இந்தச் சுவரில் மோதி நின்றுவிடுகிறது.

உச்ச நீதிமன்றம் 1969-ல் தீர்ப்பளித்த ஒரு வழக்கு இதற்குச் சரியான சான்று. 1961 டிசம்பரில் 'துவாரகா' என்ற கப்பலில் பணியாற்றிய மாலுமி ஒருவர் நெஞ்சு வலி என்று மருத்துவ அதிகாரியிடம் சென்றார். பரிசோதனையில் குறை எதுவும் தென்படவில்லை. இரு நாள்கள் கழித்து, தூக்கமே வரவில்லை என்று மீண்டும் சென்றார். மயக்க மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அன்றிரவு இரண்டரை மணிக்கு அவரைக் கப்பலின் கட்டுப்பாட்டு மேடை அருகே கண்டு திருப்பி அனுப்பினர். மூன்று மணிக்கு மற்றொரு மாலுமி அவரைப் பார்த்தார். விடிந்தபோது அவர் கப்பலில் இல்லை. இழப்பீட்டு ஆணையர் மறுத்தார். பம்பாய் உயர் நீதிமன்றம் வழங்கியது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவர் எப்படிக் கடலில் விழுந்தார் என்பதற்குச் சான்றில்லை, எனவே மரணத்துக்கும் வேலைக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்பதே காரணம்.

கிடைத்த சான்றுகளின் அடிப்படையில் அந்தத் தீர்ப்பைக் குறைகூற முடியாமல் இருக்கலாம். வேலைக்கும் காயத்துக்கும் உள்ள காரணத் தொடர்பைத் தீர்மானிக்க இன்றளவும் வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது. ஆனால், அந்த வழக்கில் எழுப்பப்படாத ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு தொழிலாளி ஏன் இரவெல்லாம் உறங்காமல் தவித்தார், கப்பல் வாழ்க்கைக்கு அதில் பங்கு உண்டா என்று ஆராயச் சட்டத்தில் இடமே இருக்கவில்லை. அவர் விழுந்த இடம் எது என்று சட்டம் கேட்டது. அவர் மனம் எங்கே உடைந்தது என்று கேட்க அதற்குத் தெரியவில்லை.

மன அழுத்தத்தை நீதிமன்றங்கள் அறவே புறக்கணித்துவிட்டன என்றும் சொல்ல முடியாது. அது இதயத்தைத் தாக்கி ஆளைக் கொன்றால் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. தில்லியிலிருந்து ஜார்க்கண்டின் நிமியாகாட் வரை 1,152 கிலோமீட்டர் தூரம் லாரி ஓட்டிச் சென்று, உடல்நலம் குன்றி, சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு இறந்துபோன 45 வயது ஓட்டுநரின் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நெடுந்தொலைவு ஓட்டும் வேலையின் அழுத்தமே மாரடைப்பை விரைவுபடுத்தியிருக்க வேண்டும் என்பதை அது ஏற்றது. ஆனால் 2006-ல், நெல்லூரில் ஸ்விட்ச் இயக்கும் பணியில் இருந்தபோது இறந்த தொழிலாளியின் வழக்கில், அந்த வேலையில் அழுத்தத்துக்கு இடமில்லை என்று கூறி இழப்பீடு மறுக்கப்பட்டது. இரண்டு தீர்ப்புகளும் சேர்ந்து ஓர் உண்மையை நிலைநாட்டுகின்றன: வேலை தரும் அழுத்தத்தை எடைபோட நீதிமன்றங்களால் முடியும், வேலையின் தன்மையைப் பார்த்து உண்மைக் கோரிக்கையையும் பொருந்தாத கோரிக்கையையும் பிரித்தறியவும் முடியும். அப்படியிருக்க, அதே அழுத்தம் இதயத்தை விட்டுவிட்டு மனத்தை மட்டும் தாக்கி, ஆளை உயிரோடு முடக்கிப்போட்டால் மட்டும் சட்டம் ஏன் கைவிரிக்க வேண்டும்?

மனக் காயத்தை அளக்க முடியாது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். ஆனால், இந்த நாட்டின் மற்ற சட்டங்கள் அதை அளந்துகொண்டுதான் இருக்கின்றன. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம், இழப்பீட்டைத் தீர்மானிக்கும்போது பாதிக்கப்பட்ட பெண்ணின் மன அதிர்ச்சி, வேதனை, உணர்வுரீதியான துயரம் ஆகியவற்றையும் மனநல சிகிச்சைச் செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் மாற்றுத்திறனாக ஏற்று, அதன் அளவைச் சதவீதத்தில் குறித்துச் சான்றிதழ் வழங்க வழி செய்கிறது. உடல் நோய்க்கு நிகராக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் காப்பீட்டு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது.

இன்னும் ஒரு படி மேலே போயிருப்பது ராணுவ வீரர்களுக்கான ஓய்வூதிய நீதி. படையில் சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவு இல்லையெனில், பிறகு வந்த நோய் பணியால் வந்ததாகவே கருதப்பட வேண்டும், நிரூபிக்கும் சுமை வீரர்மீது இல்லை என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. மனச்சிதைவு நோயைக் காரணம் காட்டி வெளியேற்றப்பட்ட ஒரு வீரரின் வழக்கில், மருத்துவ வாரியம் உரிய காரணங்களைக் கூறாமல் ஓய்வூதியத்தை மறுக்க முடியாது என்று 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. எல்லையில் நிற்பவருக்கு இந்த நீதி முற்றிலும் உரியது. கழிவுநீர்த் தொட்டியில் உடன் இறங்கியவர் மூச்சுத் திணறி இறப்பதைக் கண்டு உயிர்தப்பியவருக்கும், எரியும் கட்டடத்திலிருந்து குழந்தைகளின் உடல்களைத் தூக்கி வந்த தீயணைப்பு ஊழியருக்கும் இதில் ஒரு சிறு பங்குகூட உரியதல்லவா? கழிவுநீர்ப் பணியில் இறப்போர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உடலில் ஊனமின்றித் தப்பியவரின் மனநிலைக்கு எந்தக் கணக்கும் இல்லை.

உலக நடைமுறையும் இந்தியாவின் தயக்கத்துக்குத் துணை நிற்கவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-ல் திருத்தி வெளியிட்ட தொழில்சார் நோய்ப் பட்டியலில், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு பெயர் குறிப்பிட்டே சேர்க்கப்பட்டது. வேலையுடன் நேரடித் தொடர்பு அறிவியல்பூர்வமாக நிறுவப்படும் பிற மனக் கோளாறுகளும் அதில் அடங்கும். அந்த அமைப்பின் தொடக்க கால உறுப்பினர்களில் ஒன்று இந்தியா. ஜப்பான் 1999-லேயே வேலையால் வரும் மனநோயை மதிப்பிட வழிகாட்டு நெறிகளை வகுத்து, பின்னர் பலமுறை திருத்தியது. 2024 நிதியாண்டில் அங்கு ஏற்கப்பட்ட மனநோய் இழப்பீட்டுக் கோரிக்கைகள் முதன்முறையாக ஆயிரத்தைத் தாண்டின. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2016-ல், தீயணைப்பு வீரர்கள், காவலர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் போன்றோருக்கு இக்கோளாறு வந்தால் அது பணியால் வந்ததாகவே அனுமானிக்கப்படும் என்று சட்டம் செய்தது.

எதிர்வாதங்களைப் புறந்தள்ளிவிட முடியாது. வீட்டில் கடன் தொல்லை, குடும்பச் சிக்கல், முன்பே இருந்த நோய் ஆகியவற்றின் சுமையையெல்லாம் முதலாளியின் தலையில் ஏற்றுவதா என்று தொழில் துறையினர் கேட்பார்கள். வேலையைவிட்டு நீக்கப்பட்டவர்கள் பழிவாங்கும் நோக்கில் பொய்க் கோரிக்கை எழுப்ப மாட்டார்களா என்பது அடுத்த கேள்வி. பத்துப் பேரை வைத்துப் பட்டறை நடத்தும் சிறு தொழில்முனைவோரின் கவலையிலும் நியாயம் உண்டு.

இக்கேள்விகளை ஏற்கெனவே சந்தித்து விடை கண்ட நாடுகள் உள்ளன. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் மனக் காயத்துக்கான கோரிக்கைகள் பெருகியபோது, அந்த உரிமையைப் பறிக்காமல் வரம்புகள் வகுத்தார்கள். எல்லாக் காரணங்களையும் சேர்த்து நோக்கும்போது வேலையே மேலோங்கிய காரணமாக இருக்க வேண்டும். திடீரென நிகழும் அசாதாரண சம்பவம் நீங்கலாக, குறைந்தது ஆறு மாதமாவது பணியாற்றியிருக்க வேண்டும். நல்லெண்ணத்துடன் எடுக்கப்பட்ட நிர்வாக நடவடிக்கையால் ஏற்பட்ட மன வருத்தம் இழப்பீட்டுக்கு உரியதாகாது என்பவை அந்த வரம்புகள். அதே மாநிலம் 2020 முதல் தீயணைப்பு வீரர்களுக்கும் காவலர்களுக்கும் சட்ட அனுமானத்தின் பயனையும் அளித்தது. ஏமாற்றுவோரைத் தடுப்பதும் உண்மையாகப் பாதிக்கப்பட்டோரை அரவணைப்பதும் ஒரே சட்டத்தில் இயலும் என்பதற்கு இது சான்று. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த வேண்டியதில்லை.

செலவைப் பொறுத்தவரை, இடர்ப்பாட்டைப் பலர் தோளில் பகிர்வதற்காகவே இஎஸ்ஐ திட்டம் உருவாக்கப்பட்டது. இப்போதும் மனநோயாளிகளை அத்திட்டம் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. நீடித்த நோய்களுக்கான பட்டியலில் தீவிர மனநோய்களும் இருப்பதால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஊதியத்தில் 80 சதவீதம் வரை இரண்டு ஆண்டுகளுக்கு உதவி கிடைக்கும். ஆனால், அது நோயாளி என்ற முறையில் கிடைப்பது. வேலையில் காயமுற்றவர் என்ற தகுதி இருந்தால் ஊதியத்தில் 90 சதவீதம், இயலாமை நீடிக்கும் வரை கிடைக்கும்; நிரந்தர இயலாமை எனில் வாழ்நாள் முழுவதும் உதவித்தொகை உண்டு. இந்தச் சதவீத வேறுபாட்டைக் காட்டிலும் பெரியது, பொறுப்பு யாருடையது என்பதில் உள்ள வேறுபாடு. நோய் என்று எழுதினால் அது தொழிலாளியின் தலைவிதி. பணிக் காயம் என்று எழுதினால், அந்தப் பணியிடத்தைச் சீர்செய்ய வேண்டிய கடமை நிர்வாகத்துக்கு வந்துவிடுகிறது. 2019 ஜூலையில் இஎஸ்ஐ பங்களிப்பு விகிதம் 6.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை நினைவில் கொண்டால், சுமை தாங்க முடியாதது என்ற வாதத்தின் வலிமையும் குறைகிறது.

உண்மையான முட்டுக்கட்டை வேறிடத்தில் இருக்கிறது. தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-ல் 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு இருந்தது; அவர்களில் பெரும்பான்மையோர் சிகிச்சையே பெறவில்லை. மனநல மருத்துவர்களின் எண்ணிக்கை லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவைக்கூட எட்டவில்லை. இந்நிலையில், தன் மனக் காயத்தைச் சான்றுடன் நிரூபி என்று ஒரு கூலித் தொழிலாளியிடம் சொல்வது, கிணற்றில் விழுந்தவரிடம் கயிறு கொண்டுவரச் சொல்வதற்கு ஒப்பாகும். அச்சமும் இருக்கிறது. மனநோயாளி என்ற பெயர் வந்தால் வேலை போய்விடும் என்ற அச்சம் அது. பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆனவரை நீக்கக் கூடாது என்ற பாதுகாப்பு அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்துகிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில், மனநோயுடன் தொடர்புடைய நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது பாகுபாடு என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் ஆலையில் வேலை செய்பவருக்கு அந்தக் கேடயம் இல்லை.

எனவே, செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாவதாக, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறையும், வேலையே மேலோங்கிய காரணம் என்று நிறுவப்படும் மனநோய்களையும் தொழில்சார் நோய் அட்டவணையில் சேர்க்க வேண்டும். இதற்கு நாடாளுமன்றத்தில் புதிய மசோதா தேவையில்லை. அரசிதழில் ஓர் அறிவிக்கை போதும். இரண்டாவதாக, மரணத்தையும் கொடுங்காயத்தையும் அன்றாடம் எதிர்கொள்ளும் பணிகளை, அதாவது ரயில் ஓட்டுநர், தீயணைப்பு ஊழியர், ஆம்புலன்ஸ் ஊழியர், சுரங்க மீட்புப் பணியாளர், கழிவுநீர்த் தொழிலாளர், பிணவறை ஊழியர் ஆகியோரின் பணிகளைப் பட்டியலிட்டு, ராணுவ வீரர்களுக்கு உள்ளதைப்போல நிரூபணச் சுமையை அவர்கள் தோளிலிருந்து இறக்க வேண்டும். மூன்றாவதாக, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களுக்குச் சான்றளிக்கும் அதிகாரம் தந்து, கோரிக்கைக்கான காலவரம்பை நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்து கணக்கிட வேண்டும். இத்தகைய காயம் வெளிப்படச் சில நேரங்களில் மாதங்களும் ஆண்டுகளும் ஆகலாம். நான்காவதாக, கோரிக்கை எழுப்பியதற்காக எவரும் பணிநீக்கம் செய்யப்படக் கூடாது, அவரது மருத்துவ விவரங்கள் வெளியாகக் கூடாது என்ற உறுதியைத் தனியார் துறைக்கும் விரிவுபடுத்த வேண்டும்.

மத்திய அரசு தயங்கினால், மாநிலங்கள் வாளாவிருக்க வேண்டியதில்லை. தங்கள் அதிகார வரம்புக்கு உட்பட்ட நிறுவனங்களைப் பொறுத்தவரை தொழில்சார் நோய் அட்டவணையில் சேர்க்கை செய்யும் அதிகாரம் பழைய சட்டத்திலேயே மாநில அரசுகளுக்கு இருந்தது; புதிய தொகுப்பும் அதைப் பறித்துவிடவில்லை. தொழிலாளர் நலனில் முன்னோடி என்று சொல்லிக்கொள்ளும் மாநிலங்கள் அதை மெய்ப்பிக்க இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. தொழிற்சங்கங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. போனஸுக்கும் ஊதிய உயர்வுக்கும் எழும் குரல், உறக்கம் இழந்து ஒதுங்கிப்போகும் சக தொழிலாளிக்காகவும் எழ வேண்டும்.

மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலைநாள்களை இழக்கிறது என்று உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. மத்திய அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையும் அந்தக் கணக்கை எடுத்துக்காட்டி, வேலை நேரம் அளவுக்கு மீறி நீண்டால் மனநலம் சிதையும் என்று எச்சரித்தது. பொருளாதாரத்துக்கு ஏற்படும் இழப்பு அரசின் கண்ணில் பட்டிருக்கிறது. அந்த இழப்பின் பெரும் பகுதியை இதுவரை தனியே சுமந்து வருபவர்கள் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பங்களும்தான். கை உடைந்தால் கட்டுப்போட்டுப் பணமும் தரும் சட்டம், மனம் உடைந்தவரை வெறுங்கையுடன் வீட்டுக்கு அனுப்புவது நூறாண்டுக்கு முந்தைய அறியாமை என்றால் மன்னிக்கலாம். எல்லாம் தெரிந்த பிறகும் தொடர்ந்தால் அதற்கு அறியாமை என்று பெயரில்லை.